தூண்டில் முள்ளில் கட்டும் முடி: இலாபம் யார் கையில்?

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் எமது ஊர்களில் புதைக்கப்படும் மாட்டு வால்களையும் ஆட்டு உரோமத்தையும், கோழிக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வெளியேற்றப்படும் இறகுகளையும் வியாபாரப் பொருளாக எவரும் பார்ப்பதில்லை. ஆனால் அமெரிக்காவில் கன்றின் வால் முடியும் சேவல் இறகும் சிறு பைகளில் அடைக்கப்பட்டு, விலைச் சீட்டு ஒட்டப்பட்டுக் கடைகளில் தொங்குகின்றன. அவற்றை வாங்கித் தூண்டில் முள்ளில் கட்டி விற்பவர்கள் இருக்கின்றார்கள். கட்டியதை வாங்கி மீன் பிடிப்பவர்களோ அதைவிடப் பன்மடங்கு அதிகம்.

இந்தக் கட்டும் வேலையைப் பற்றித்தான் இவ்வாரம் எழுதுகின்றேன். "வீட்டில் இருந்தபடியே தூண்டில் கட்டிச் சம்பாதிக்கலாம்" என்ற பேச்சு எங்கள் பகுதியில் அடிபட்டது. நூல், பொத்தான் கடை வைத்திருப்பவன் என்பதால் பலரும் என்னிடமே வந்து விசாரித்தார்கள். விசாரித்தவர்களுக்குச் சொன்னதையும், சொல்வதற்காக நான் தேடி அறிந்ததையும் வாசகர்கள் முன் வைக்கின்றேன். இதே தொழிலைச் செய்ய நினைக்காதவருக்கும் இந்தக் கணக்கு உதவும். வீட்டில் வைத்துச் செய்து கொடுக்கும் எந்தக் கைவேலைக்கும் இது பொருந்தும்.

ஜிக் என்றால் என்ன?

ஒரு தூண்டில் முள்ளின் காதுக்கு அருகில் சிறு ஈய உருண்டை வார்க்கப்பட்டிருக்கும். இதைத் தலை என்பார்கள். தலைக்குப் பின்னால் கழுத்துப் போன்ற ஓர் இடம். அந்தக் கழுத்தில் முடியையோ இறகையோ நூலால் இறுகக் கட்டினால் அதுவே முடி ஜிக். இதற்கு இரை தேவையில்லை. தலையின் பாரத்தால் நீருக்குள் இறங்கும். தூண்டிற்காரர் நுனியைச் சற்று ஆட்ட, முடி விரிந்து சுருங்கும். மீனின் கண்ணுக்கு அது சிறு மீனாகவோ, இறாலாகவோ, பூச்சியாகவோ தெரிகின்றது.

அமெரிக்காவில் இதற்கு மிகப் பழைய மூலப்பொருள் வெள்ளைவால் மானின் வால் முடி. 'பக்டெய்ல்' என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் உயிர்காப்புப் பெட்டிகளில் இந்தப் பக்டெய்ல் ஜிக் வைக்கப்பட்டிருந்தது. கப்பல் மூழ்கி நடுக்கடலில் மிதப்பவனுக்கு இரை கிடைக்காது; இரையில்லாமல் மீன் பிடிக்க ஒரு பொருள் வேண்டும் என்பதே காரணம். இன்னொரு பொருள் 'மராபூ'. பெயர் ஒரு நாரையினுடையது. ஆனால் இன்று விற்கப்படுவது வான்கோழியின் மென்மையான உள்ளிறகே. குளிர்காலத்தில் மீன் சோம்பிக் கிடக்கும்போது ஜிக்கை அதிகம் ஆட்ட முடியாது. அப்போது தானாகவே அசையும் மராபூவுக்குத்தான் கிராக்கி.

கட்டும் முறையும் சிக்கலானதல்ல. முள்ளின் வளைவை ஒரு சிறிய வைஸில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கழுத்தில் நூலைச் சுற்றி ஓர் அடித்தளம் போட வேண்டும். பின்னர் முடியில் ஒரு கற்றையை வெட்டி, நுனிகளை ஒழுங்காக்கி, நீளம் பார்த்து வைத்து, முதல் இரண்டு சுற்றைத் தளர்வாகவும் அடுத்த சுற்றுகளை இறுக்கமாகவும் சுற்ற வேண்டும். எடுத்த எடுப்பிலேயே இறுக்கினால் முடி முள்ளைச் சுற்றித் திரும்பிவிடும். மிஞ்சிய அடிமுடியை வெட்டி, அதன் மேல் நூலை மூடி, நூலை நூலுக்கு அடியிலேயே செருகி இழுத்து முடிச்சிட்டு, மேலே பசையோ நிறமற்ற கியூடெக்ஸோ பூசினால் வேலை முடிந்தது.

புதியவர் எல்லோரும் முடியை அள்ளிக் கட்டுவார்கள். பார்வைக்கு அது நன்றாக இருக்கும். நீரில் இறங்காது, அசையாது. முடி கூடினால் மீன் குறையும் என்பதே இத்தொழிலின் முதல் பாடம்.

வீசியெறிந்த வாலில் ஒரு கொம்பனி

குப்பையாகக் கருதப்பட்ட பொருளை எவ்வாறு மூலப்பொருளாக்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் அன்டிகோ என்ற சிறு நகரில் ஓர் உதாரணம் உண்டு. அங்கே டொட் ஷெல்டன் என்பவர் தூண்டில் சாமான் கடை வைத்திருந்தார். பிரான்ஸில் 1938இல் உருவாக்கப்பட்ட 'மெப்ஸ்' என்ற தூண்டில் ஒன்றை, போர் முடிந்து ஐரோப்பாவிலிருந்து திரும்பிய ஒருவர் அவருக்குக் கொடுத்தார். 1951இல் ஒரு நாள் வூல்ப் ஆற்றில் வேறொன்றும் பலிக்காதபோது ஷெல்டன் அதை எடுத்துப் போட்டார். இரண்டு மணித்தியாலத்தில் நான்கு பெரிய மீன்கள் கிடைத்தன. உடனே அதை விற்க முடிவு செய்தார். ஆரம்பத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் மூலம், நைலோன் காலுறைகளைப் பண்டமாற்றாகக் கொடுத்தே சரக்கை வரவழைத்தார். அந்தப் பெண்ணுக்குக் காலுறை போதும் என்றானதும் உற்பத்தியாளரிடமே நேரடியாகப் போனார். 1956இல் கடையை விற்றுவிட்டு இந்த ஒரு பொருளுக்காகவே கொம்பனி தொடங்கினார்.

மெப்ஸ் என்பது ஜிக் அல்ல. சுழலும் தகடுள்ள ஸ்பின்னர். ஆனால் அதன் முள்ளிலும் முடி கட்டப்படுகின்றது. கரடி, நரி, மான், மாடு என்று பல முடிகளைச் சோதித்துப் பார்த்த அந்தக் கொம்பனி, அணிலின் வாலைவிடச் சிறந்தது இல்லை என்ற முடிவுக்கு வந்தது. மற்ற மிருகங்களின் வாலில் முடியோடு பஞ்சு போன்ற உள்ளுரோமமும் கலந்திருக்கும். அணில் வாலில் முடி மட்டுமே. அங்கே வேட்டைக்காரர் இறைச்சிக்காக அணிலைச் சுட்டு, வாலை வீசிவிடுவது வழக்கம். வீசுவதை எங்களுக்கு அனுப்புங்கள் என்று கொம்பனி கேட்டது. காசாக வேண்டுமானால் ஒரு விலை. தூண்டிலாக வாங்கினால் அதன் இரு மடங்கு. வாலின் வெட்டுவாயில் உப்புத் தடவுங்கள், நேராக நீட்டிக் காய விடுங்கள், பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள் என்று அனுப்பும் முறையையும் கற்றுக்கொடுத்தது. வாலுக்காக மட்டும் அணிலைக் கொல்லாதீர்கள் என்றும் சொன்னது.

வியாபாரிகள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மூலப்பொருளின் விலை சில சதங்கள். அதைத் தருபவரே பொருளை வாங்குபவராகவும் ஆகின்றார். எந்த முடி மீனை இழுக்கும் என்று சோதித்தறிந்த அறிவு கொம்பனியுடையது, பெயரும் கொம்பனியுடையது. இலாபம் அந்த இரண்டில்தான் இருக்கின்றது.

எமது நாட்டுக்கு இது புதிதல்ல

தூண்டில் முள்ளில் இறகும் முடியும் நூலும் கட்டி ஈ, பூச்சி போன்ற உருவம் செய்யும் தொழில் இலங்கையில் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றது. ஏற்றுமதிக்காகவே இயங்கும் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பெண்களே இந்தத் தூண்டில் ஈக்களைக் கட்டுகின்றார்கள். கென்யாவும் தாய்லாந்தும் இதே தொழிலில் பெயர்பெற்ற நாடுகள். அமெரிக்கர் ஒருவர் ஆற்றில் நின்று வீசும் ஈ, ஓர் இலங்கைப் பெண்ணின் விரல்களிலிருந்து புறப்பட்டதாக இருக்கக்கூடும். அவருக்கு அது தெரியாது. அட்டையில் இருப்பது அமெரிக்கக் கொம்பனியின் பெயர்.

ஒரிகன் மாநிலத்தில் 1972இல் தொடங்கப்பட்ட 'அம்ப்குவா ஃபெதர் மெர்ச்சன்ட்ஸ்' என்ற கொம்பனியின் நடைமுறை எனது கவனத்தை ஈர்த்தது. புதிய ஈ வடிவமொன்றைக் கண்டுபிடித்தவருக்கு, அவ்வடிவம் விற்கும் ஒவ்வொரு தடவையும் அக்கொம்பனி உரிமைத் தொகை கொடுக்கின்றது. அதாவது ஒரு ஈயை ஒரு தடவை யோசித்தவருக்குப் பல ஆண்டுகள் வருமானம். ஆயிரம் தடவை கட்டியவருக்கு ஆயிரம் தடவையின் கூலி மட்டுமே. இதை அநீதி என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. பணம் எந்தப் படியில் நிற்கின்றது என்று காட்டவே எழுதுகின்றேன்.

பேருவளைக்கு வந்த கோரிக்கை

எங்கள் பகுதிப் பெண்கள் பதினொரு பேரிடம் ஒரு தரகர் வந்தார். ஈயத் தலை வார்த்த முள்ளும், சாயமிட்ட முடியும், நூலும் தருவார். கட்டிக் கொடுத்தால் டசினுக்கு 240 ரூபா. கருவிப் பெட்டிக்கு ஒவ்வொருவரும் 15,000 ரூபா முற்பணம் கட்ட வேண்டும். பின்னர் திருப்பித் தரப்படுமாம். தரமில்லாதவை கொழும்பில் கழிக்கப்படும். கழிந்தவற்றின் சாமான் விலை கூலியிலிருந்து வெட்டப்படும். அவர்களில் இரண்டு பேர் காப்பை அடகு வைக்க ஆயத்தமாகிவிட்டார்கள். அதன் பிறகுதான் ஒருவர் என் கடைக்கு வந்து, "நானா, இது சரி வருமா எண்டு ஒருக்கா கணக்குப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

நல்ல வேளையாக, ஏற்றுமதித் தொழிற்சாலையொன்றில் பன்னிரண்டு வருடம் ஈ கட்டிய ஒரு ராத்தா எங்கள் ஊரில் இருக்கின்றார். அவரை அழைத்து, மூன்று பெண்களை உட்கார வைத்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் கட்டச் செய்தோம். முதல் நாள் ஒரு ஜிக்குக்குப் பதினைந்து நிமிடம் எடுத்தது. வார இறுதியில் எட்டு நிமிடத்துக்கு வந்தார்கள். ராத்தா நான்கு நிமிடத்துக்குள் முடித்தார்.

இனிக் கணக்கு. வீட்டு வேலைகளுக்கு இடையில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடியது நாளுக்கு ஐந்து மணித்தியாலம், அதாவது 300 நிமிடம். எட்டு நிமிட வேகத்தில் 36 அல்லது 37 ஜிக். மூன்று டசின் என்று வைத்தால் 720 ரூபா. பத்துக்கு ஒன்று கழிந்தால் ஏறக்குறைய 640 ரூபா. அதிலும் கழிந்த சாமானின் விலையை வெட்டினால் இன்னும் குறையும். நாட்டின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 1,200 ரூபா. எட்டு மணித்தியாலத்துக்கு 1,200 என்றால் ஐந்து மணித்தியாலத்துக்கு 750. ஆகவே இந்தக் கூலி அதற்கும் கீழே.

ஐந்து நிமிட வேகம் வந்தால் கதை மாறும். 60 ஜிக், ஆறு கழிந்தால் 54, 1,080 ரூபா. நான்கு நிமிடமானால் 1,300 ரூபாவைத் தாண்டும். எனவே இந்தத் தொழில் கூடாது என்று சொல்ல முடியாது. எட்டு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு வரும் வரையுள்ள மாதங்களின் நட்டத்தை யார் சுமப்பது என்பதே கேள்வி. தரகரின் உடன்படிக்கையில் அந்த நட்டம் முழுவதும் பெண்களின் தலையில் இருந்தது. கூடவே பதினொரு பேரின் முற்பணமாக 165,000 ரூபா அவர் கையில் இருக்கும்.

மூன்று விடயங்களைக் கேட்கச் சொன்னேன். ஒன்று, முற்பணம் இல்லை. கருவியை அவரே தந்து கூலியில் சிறிது சிறிதாகக் கழிக்கட்டும். இரண்டு, ஒப்புக்கொள்ளப்பட்ட மாதிரி ஜிக் ஒன்று இரு தரப்பிடமும் இருக்க வேண்டும்; கழிப்பது எமது கண் முன்னால், கையளிக்கும் அன்றே நடக்க வேண்டும். மூன்று, முதல் இரண்டு மாதம் பயிற்சிக் காலத்துக்கென்று டசினுக்குச் சற்றுக் கூடுதல் கூலி. இரண்டாவதை மட்டும் யோசிப்பதாகச் சொல்லிப் போன தரகர் திரும்பி வரவில்லை.

எல்லோரும் என்னை மெச்சவில்லை. "வந்த தொழிலையும் நானா தடுத்திட்டீங்களே" என்று ஒரு தங்கச்சி நேரடியாகவே சொன்னார். அவருடைய கணவர் படகுக்குப் போய் வருபவர். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அடுப்பெரிவதே கஷ்டம். அவருக்கு 640 ரூபாவும் பெரிய தொகைதான். ஆனால் 15,000 ரூபாவை அடகுக் கடையில் எடுத்து முன்னே கொடுத்துவிட்டு 640 ரூபாவுக்காகக் காத்திருப்பது தொழிலல்ல, கடன் என்பதே இன்றும் எனது கருத்து.

900 ரூபா எங்கே போகின்றது?

கையால் கட்டிய நல்ல ஜிக் ஒன்று அமெரிக்கக் கடையில் ஏறக்குறைய 2 முதல் 5 டொலர் வரை விற்கும். 3 டொலர் என்று எடுப்போம். ஒரு டொலரைக் கணக்குக்காக 300 ரூபா என்று வைத்தால் 900 ரூபா. கட்டியவருக்கு 20 ரூபா. மிச்சத்தை முழுவதும் தரகர் விழுங்குகின்றார் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது.

சில்லறைக் கடை வழமையாக ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் விளையாட்டு மீன்பிடிச் சாமான்களுக்கு 10 சதவீத மத்திய உற்பத்தி வரி உண்டு. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இந்தப் பணம் மீன்வளப் பாதுகாப்புக்குப் போகின்றது. உள்நாட்டில் செய்தால் உற்பத்தியாளரும், வெளிநாட்டிலிருந்து வந்தால் இறக்குமதியாளரும் இதைக் கட்ட வேண்டும். சொந்த வீட்டில் கட்டி விற்கும் அமெரிக்கருக்கும் விலக்கில்லை. இதன் மேல் சுங்கத் தீர்வை, கப்பற் கூலி, நல்ல முள்ளின் விலை, தலைக்கான பூச்சு, அட்டை, பை. சுங்க விடயத்தில் அமெரிக்கா 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதம் என்று அறிவித்து, ஓகஸ்டில் 20 சதவீதத்துக்கு இறக்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவ்வாறு மாறக்கூடிய ஒன்றை நம்பி ஒரு வருடத்துக்கு விலை பேசுவது ஆபத்து. விலை சொல்லும் அன்று சுங்கத் தரகரிடம் கேட்டுவிட்டே சொல்ல வேண்டும்.

இவ்வளவும் போக மிஞ்சுவது அட்டையில் பெயர் உள்ளவருக்கு. அவர் ஏன் அதைப் பெறுகின்றார்? ஒரு டசினிலுள்ள பன்னிரண்டும் ஒன்றுபோல் இருக்கும் என்று தூண்டிற்காரர் நம்புகின்றார். முள்ளின் காதில் பெயின்ட் அடைபட்டிருக்காது, இழுத்தால் முடி கழராது, நீளம் ஏறி இறங்காது என்ற நம்பிக்கை அது. ராத்தா எங்களுக்குக் கற்றுத் தந்ததும் அதைத்தான். ஒவ்வொன்றாக ஆரம்பித்து முடிக்காமல், முதலில் பன்னிரண்டு கற்றைகளையும் வெட்டி வரிசையாக வைப்பார். கற்றையின் பருமனைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சிறு குழாயில் நுழைத்துப் பார்ப்பார். நீளத்துக்கு வைஸின் பக்கத்தில் ஒரு கோடு. "கண் களைக்கும், குழாய் களைக்காது" என்றார். தொழிற்சாலை அவருக்குக் கூலி கொடுத்தது. இந்த ஒழுங்கு அவரோடு ஊருக்கு வந்திருக்கின்றது.

மூலப்பொருள்: தொடக்கூடியதும் கூடாததும்

அமெரிக்கர் மான் முடி கட்டுகின்றார்கள் என்பதற்காக இங்கே எவரும் மான் வாலைத் தேடிப் போக வேண்டாம். அங்கே வெள்ளைவால் மானைச் சட்டப்படி அனுமதித்த காலத்தில் வேட்டையாடுகின்றார்கள். வால் அதன் பக்கப் பொருள். இங்கே 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மான், மரைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. காட்டுக்கோழி, மயில் போன்றவற்றின் இறகு விடயத்திலும் கைவைக்காமல் இருப்பதே புத்தி. சாமான் சுங்கத்தில் பிடிபட்டால் போவது ஒரு பெட்டி மட்டுமல்ல, ஏற்றுமதியாளர் என்ற பெயரும்தான்.

எமக்குச் சட்டப்படி தாராளமாகக் கிடைப்பவை ஆட்டு உரோமம், மாட்டு வால், ஊர்ச்சேவலின் கழுத்து, முதுகு இறகுகள். கன்றின் வால் முடி தூண்டில் கட்டுவோர் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் பொருளே. ஆனால் புதைக்கும் வாலுக்கும் விற்கும் முடிக்கும் இடையில் வேலை இருக்கின்றது. இறைச்சியையும் கொழுப்பையும் நீக்கி, உப்பிட்டு, சவர்க்காரத் தூளில் பல தடவை கழுவி, நிழலில் உலர்த்தி, பூச்சி அண்டாமல் மூடி வைக்க வேண்டும். கொழுப்பு மிஞ்சினால் சாயம் பிடிக்காது, மணமும் வரும். புறொயிலர் கோழியின் இறகு வளருமுன்பே அது கடைக்கு வந்துவிடுவதால் பெரிதாகப் பயன்படாது. விலங்குப் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணுபவர், என்ன சான்றிதழ் வேண்டும் என்பதைக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூலப்பொருளின் விலை எப்படித் திடீரென்று ஏறும் என்பதற்கும் ஓர் உதாரணம். 2011இல் அமெரிக்கப் பெண்களிடையே நீண்ட சேவல் இறகைத் தலைமுடியில் செருகிக்கொள்ளும் மோஸ்தர் பரவியது. தூண்டில் ஈக்காகவே சேவல் வளர்க்கும் கொலராடோவின் வைட்டிங் பண்ணையின் இறகுகளுக்கு அழகு நிலையங்கள் போட்டி போட்டன. தூண்டில் கடைகளில் இறகே இல்லாமற் போனது; கிடைத்த இடங்களில் விலை பல மடங்கு ஏறியது. அந்த இறகு முதிர ஏறக்குறைய ஒரு வருடம் சேவலை வளர்க்க வேண்டும் என்பதால் உடனே கூட்டி உற்பத்தி செய்யவும் முடியவில்லை. மோஸ்தர் சில காலத்தில் ஓய்ந்தது. ஒரே மூலப்பொருளை நம்பி ஒப்பந்தம் செய்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஈயத்தில் கவனம்

தலை வார்க்கும் வேலையை வீட்டுச் சமையலறையில் செய்யலாம் என்று சிலர் சொல்கின்றார்கள். செய்யவே கூடாது. உருகிய ஈயத்தின் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வார்த்துப் பூச்சிட்ட தலையை வாங்கிக் கட்டுவதே சரி. கட்டிய பின்னும் சாப்பிடுமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

சந்தையும் ஈயத்திலிருந்து விலகி வருகின்றது. அன்னப் பறவைகள் ஈயக் குண்டை விழுங்கி இறந்ததால் பிரித்தானியா சிறு ஈயத் தூண்டிற் குண்டுகளை 1987இல் தடைசெய்தது. அமெரிக்காவின் நியூ ஹெம்ப்ஷயர் மாநிலத்தில் லூன் என்ற நீர்ப்பறவைக்கு அதே கதி நேர்ந்தது. ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைவுமான ஈய ஜிக்குகள் அங்கே 2016 ஜூனிலிருந்து தடை. மாற்றாக வருவது டங்ஸ்டன். ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனுடையது 19.3. ஆகவே அதே பாரம் சிறிய தலையில் அடங்கும், விலையும் கூடும். எந்த நாட்டுக்கு, எந்த மாநிலத்துக்குப் போகும் சரக்கு என்று கேட்காமல் ஈயத் தலையை வாங்கிக் குவிப்பவர் அதை வீட்டிலேயே வைத்திருக்க நேரிடும்.

தொடங்க விரும்புவோருக்கு

தரகர் போன பின்னர் நான்கு பெண்கள் ராத்தாவுடன் சேர்ந்து சிறிய அளவில் ஒன்றைத் தொடங்கினார்கள். வெள்ளை ஆட்டு உரோமமும் சேவல் இறகும் கட்டிய, பாரை, சீலா போன்றவற்றுக்கான கடல் ஜிக். தூண்டில் சாமான் விற்கும் இரண்டு கடைகள் டசின் 1,500 ரூபாவுக்கு எடுக்கின்றன. முள், தலை, நூல், பசை, அட்டை எல்லாம் 600 ரூபா. டசினுக்கு 900, ஒன்றுக்கு 75 ரூபா கையில் நிற்கின்றது. தரகரின் 20 ரூபாவோடு ஒப்பிட்டால் நல்ல தொகைதான். ஆனால் மாதம் பத்து டசின்தான் போகின்றது. நான்கு பேருக்குமாக 9,000 ரூபா. இதனால் எவரும் பணக்காரர் ஆகவில்லை. அந்தத் தங்கச்சியின் அடுப்புக்கும் இது போதாது. மறைக்காமல் சொல்கின்றேன்.

எனினும் இரண்டு விடயங்கள் அவர்கள் கையில் இருக்கின்றன. தங்கச்சியின் கணவர் முதல் தொகுதியைக் கடலில் போட்டுப் பார்த்து, முள் துருப்பிடிக்கின்றது, முடி அரை விரல் நீளம் குறைய வேண்டும் என்று சொன்னார். முள்ளையும் மாற்றினார்கள், முடியையும் குறைத்தார்கள். மீனைத் தெரிந்த மனிதர் வீட்டிலேயே இருப்பது விலைக்கு வாங்க முடியாத முதல். அடுத்தது, கழுத்துச் சுற்றுக்கு எப்போதும் பச்சை நூலையே பயன்படுத்துகின்றார்கள். இப்போது கடைக்கு வரும் சிலர் "பச்சைக் கழுத்து இருக்கா?" என்று கேட்கின்றார்களாம். கேட்டு வாங்குபவர் பத்துப் பேராக இருந்தாலும் அது ஒரு பெயர்.

ஏற்றுமதி செய்ய விரும்புபவர் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் வாங்குவோர் பற்றி விசாரிக்கலாம். உலகச் சுங்கப் பட்டியலில் தூண்டில் சாமான்கள் 9507 என்ற இலக்கத்தின் கீழ் வரும். அந்த இலக்கத்தைச் சொல்லியே விசாரிக்க வேண்டும். வீட்டு வேலையாகப் பிறருக்குக் கொடுக்க எண்ணும் முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. கற்றுக்கொள்ளும் காலத்தின் நட்டத்தில் பாதியையாவது நீங்கள் சுமந்தால், வேகம் வந்த பின் அந்தக் கைகள் உங்களை விட்டுப் போகாது. முழுவதையும் ஏழையின் தலையில் போட்டால், இரண்டாம் மாதம் கட்டுவதற்கு எவரும் இருக்க மாட்டார்.

கூலிக்குக் கட்ட எண்ணும் சகோதரிகள், கையெழுத்திடுமுன் ஒரு டசினைக் கட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கழிவை யார் தீர்மானிப்பது, யார் சுமப்பது என்று எழுத்தில் கேளுங்கள். காசு கொடுத்துத்தான் வேலை பெற வேண்டும் என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வாருங்கள்.